வாசிக்க முடியாத அறிவிப்பு

என் மகளுக்குப் பதினேழு வயது. உடம்புக்கு ஏற்ற அளவு மனம் வளரவில்லை. தெரிந்தவர்களிடம் மட்டும் பேசுவாள், அதுவும் இரண்டு மூன்று சொல். பஸ் என்றால் உயிர். ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அது எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்கமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை, ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடை வாசலில் அவளை நிறுத்திவிட்டு என் மனைவி மாத்திரை வாங்கத் திரும்பியிருக்கிறாள். சீட்டைக் காட்டி, மாத்திரையை எண்ணி வாங்கிப் பையில் போட்டுத் திரும்பினால் வாசலில் மகள் இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஏறி உட்கார்ந்தால் நடத்துநர் தானாகவே ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். காசில்லாத பிள்ளை எவ்வளவு தூரம் போய்விடும் என்று அன்று எனக்கு ஆறுதல் சொன்னவர்களுக்கு இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

நான் அரசுப் பள்ளி ஒன்றில் இளநிலை உதவியாளர். சுற்றறிக்கையில் ஒரு கமா தவறியிருந்தாலும் திருப்பி அனுப்புகிறவன் என்று பெயர் வாங்கியவன். அதனால்தான் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, அக்கா மகளுக்குப் போன் செய்தேன். அவள் புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். போனில் படம் செய்வதில் கெட்டிக்காரி. எங்கள் சொந்தத்தில் காதுகுத்து, பூப்பு, வளைகாப்பு எதுவானாலும் வாட்ஸ்அப் அழைப்பிதழ் அவள் கைவண்ணம்தான்.

“அழாதீங்க மாமா. பாப்பா போட்டோவ மட்டும் அனுப்புங்க. ஏ.ஐ.ல குடுத்தா ரெண்டு நிமிஷத்துல காணவில்லைன்னு நோட்டீஸ் வந்துரும். நான் காலேஜ் குரூப், ஊர் குரூப் எல்லாத்துலயும் போட்டு விடுறேன்.”

சொன்னபடி வந்தது. நீலப் பின்னணி. நடுவில் மகளின் முகம், சுற்றிலும் மெல்லிய பூ வேலைப்பாடு. மேலே பெரிய எழுத்து, கீழே சின்ன எழுத்து, அடியில் போன் நம்பர். பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த நான், ஓடிக்கொண்டே அதைப் பார்த்தேன். மகள் முகத்தைப் பார்த்தேன் என்பதுதான் சரி. பார்த்த கையோடு எட்டுக் குரூப்பில் தள்ளிவிட்டேன்.

பகல் ஒரு மணி இருக்கும். காவல் நிலையத்தில் அவளுடைய அடையாள அட்டை நகல் கேட்டார்கள் என்று வீட்டுக்கு வந்தேன். வாசற்படியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அப்போது ஒரு பைக் வந்து நின்றது. எங்கள் பங்காளி வகையில் சித்தப்பா முறை ஒருவர். நாலு தெரு தள்ளித் தேங்காய் வியாபாரம் செய்கிறவர். வண்டியின் முன்பக்கத்தில் வாழை இலையில் சுற்றிய பொட்டலம். இறங்கி அதைப் பிரித்தார். ரோஜா மாலை.

என் மனைவி மாலையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அப்படியே சுவரில் சரிந்தாள்.

“என்னப்பா இப்புடி ஆயிருச்சு,” என்று அவர் என் கையைப் பிடித்தார். “எப்ப எடுக்குறீங்க?”

அவரை உலுக்கினேன் என்று பிறகு சொன்னார்கள்.

“யாரு சொன்னா? எங்க கெடந்தா? சொல்லுங்க சித்தப்பா, எங்க?”

“நீதானப்பா போட்டுருக்க!” என்று அவர் பயந்துபோய்ப் போனை நீட்டினார். “ஊரே கும்பிடு போட்டுருக்கு, பாரு.”

பார்த்தேன். நான் போட்ட படத்துக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். ஆழ்ந்த இரங்கல். ஆத்மா சாந்தியடையட்டும். பச்சப் புள்ளைக்கு என்னாச்சு சார். என்னோடு வேலை செய்யும் ஆவூர் ஆசிரியர் ஒருவர், திங்கட்கிழமை சர்ச் பூசையில் வேண்டிக்கொள்வதாக எழுதியிருந்தார்.

அப்போதுதான் அந்தப் படத்தை முதல்முறையாக வாசித்தேன். வாசிக்க அதில் ஒன்றுமில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ். கிட்டே போனால் க மாதிரி ஒன்று, அதற்கு இரண்டு சுழி. ணவுக்கு நாலைந்து வளைவு. கொம்பு இருந்தது, கொம்புக்குப் பக்கத்தில் எழுத்து இல்லை. ‘காணவில்லை’ எங்குமே இல்லை. நம்பரை எண்ணினேன். ஒன்பது இலக்கம்தான் இருந்தது. மகளின் முகமும் மாறியிருந்தது. நிறம் வெளுத்து, பல் தெரியச் சிரித்தாள். அவள் எந்தப் போட்டோவிலும் சிரித்ததில்லை.

எழுத்து புரியாதபோது ஊர் படத்தின் அமைப்பைப் படித்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் ஒரு மணி நேரத்தில் குரூப்பில் படம் வந்துவிடும். நடுவில் முகம், சுற்றிலும் பூ, கீழே இரண்டு வரி. அந்த வரியை யாரும் வாசிப்பதில்லை, கும்பிடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். நானும் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

“உசுரோட இருக்குல்ல புள்ள? அத மட்டும் சொல்லுங்க,” என்றாள் மனைவி, தரையிலிருந்து.

“காணாமத்தான் போயிருக்கு. வேற எதுவும் இல்ல. இந்தப் படந்தான் தப்பு.”

அவள் எழுந்தாள். முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பினாள். மகளின் கலர் ஸ்கெட்ச் டப்பாவிலிருந்து சிவப்பு ஸ்கெட்சை எடுத்தாள். காணவில்லை. நீலச் சுடிதார், வெள்ளைத் துப்பட்டா. பேசமாட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். அதட்ட வேண்டாம். கீழே என் நம்பர். கடைசி வரி வளைந்து கீழே போய்விட்டது. அலமாரியில் இருந்த மகளின் போட்டோவைத் தாளின் மேல் வைத்துப் படம் எடுத்தேன்.

“நம்பர வாசிங்க, நான் சரி பாக்குறேன்,” என்றாள். இலக்கம் இலக்கமாக வாசித்தேன். பத்தும் இருந்தது. பிறகுதான் அதே எட்டுக் குரூப்பிலும் போட்டேன்.

சித்தப்பா இன்னும் மாலையோடு நின்றுகொண்டிருந்தார். சாவுக்கு வாங்கிய மாலையைக் கடைக்குத் திருப்ப முடியாது, சாமிக்குப் போட முடியாது, சாவு விழாத வீட்டில் இறக்கி வைக்கவும் முடியாது.

“இதத் தூக்கிட்டு எங்கிட்டுப் போவேன் நான்?” என்றார் பாவமாக. பிறகு வண்டியை எடுத்தார். போகிற வழியில் ஊருணித் தண்ணீரில் அதைப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டில் கண்ட நடத்துநருக்கெல்லாம் புதுப் படத்தை அனுப்பி வைத்தார் என்று பிறகு தெரிந்தது.

மூன்றரை மணிக்குப் போன் வந்தது.

“அண்ணே, நான் குளத்தூர் டவுன் பஸ் கண்டக்டர். நீலச் சுடிதார் புள்ள எங்க வண்டிலதாண்ணே இருக்கு. புதுக்கோட்டைக்கும் குளத்தூருக்கும் இது மூணாவது நடை. எறங்கவே மாட்டேங்குது. பின்னாடி உள்ள யார் கூடயோ வந்துருக்குன்னு நெனச்சேன்.”

ஆலங்குடியிலிருந்து ஏதோ வண்டியில் புதுக்கோட்டைக்கு வந்து, அங்கே இதில் மாறி ஏறியிருக்கிறாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தது. மகள் கையில் பாதி தின்ற பன். என்னைப் பார்த்து, “குளத்தூர்,” என்றாள். அவ்வளவுதான். நடத்துநர் என்னைத் தனியே அழைத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. மத்தியானமே அந்தப் படம் எனக்கும் வந்துச்சு. யாரோ எறந்துபோன புள்ளைன்னு கும்பிட்டுட்டு விட்டுட்டேன். அப்பவும் இது என் வண்டிலதான் உக்காந்துருக்கு. செத்த புள்ள ஜன்னலோரம் உக்காந்து வருமுன்னு யாருக்குண்ணே தோணும்?”

அந்த வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை. சாப்பிடும்போது வரும். அலுவலகத்தில் ஏதாவது கோப்பைத் திறக்கும்போது வரும்.

அக்கா மகள் இரண்டு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானே கூப்பிட்டேன். வந்ததும் அழுதாள். “ஒன்னச் சொல்லி என்னத்தா? நானுந்தான வாசிக்கல,” என்றேன். பிறகு இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். மகள் கழுத்தில் எப்போதும் தொங்கும்படி ஓர் அட்டை வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும்.

“அது எழுத்த எழுதல மாமா. எழுத்து மாதிரி வரையுது. பூ வரையுற மாதிரிதான் அதுக்கு எழுத்தும். இங்கிலீசு கொஞ்சம் பரவால்ல. தமிழ் ரெண்டு வார்த்தைன்னா சில நேரம் சரியா வருது, நீளமா குடுத்தா கொழம்பிருது.”

செய்து காட்டினாள். முதல் படத்தில் என் பெயர் சரியாக இருந்தது, தெருப் பெயர் கோலமாகியிருந்தது. அடுத்ததில் தெரு சரி, நம்பரில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. பார்க்க எல்லாமே அழகு. அந்த அழகைத்தான் நான் இப்போது நம்புவதில்லை. கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். எழுத்தே வேண்டாம், ஒரு பஸ் படம் மட்டும் வரை, கீழ்ப்பாதியைக் காலியாக விடு என்று கேட்டாள். வந்த படத்தின் காலி இடத்தில், வேறொரு செயலியில் தமிழ் எழுத்துருவில் தானே தட்டச்சு செய்து பதித்தாள். மகளின் முகத்துக்கு ஏ.ஐ. வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அலமாரிப் போட்டோவே அப்படியே போனது. ஒருவர் படத்திலிருந்து வாசிக்க, மற்றவர் தாளை வைத்துக்கொண்டு சரி பார்த்தோம்.

எல்லாம் முடிந்தது என்று மகளிடம் நீட்டினேன். வாங்கமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பஸ்ஸின் நெற்றியைச் சுட்டினாள். ஊர்ப் பலகையில் அந்த இயந்திரம் தானாகவே ஏதோ கிறுக்கி வைத்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அக்கா மகள் அதை அழித்து ‘ஆலங்குடி’ என்று போட்ட பிறகுதான் மகள் கழுத்தை நீட்டினாள்.

போன வாரம் அவளை அழைத்துக்கொண்டு குளத்தூர் வண்டியில் போனேன். அவள் கேட்டாள், மறுக்க முடியவில்லை. பழைய நடத்துநர் இல்லை, வேறொருவர். அவரிடம், “ஒரு ஒதவி செய்யுங்க. இந்த அட்டையப் பார்த்து, என்கிட்ட ஒன்னுங் கேக்காம, அதுல உள்ள நம்பருக்கு ஒரு போன் போடுங்க,” என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் குனிந்து, அட்டையை நிமிர்த்திப் பிடித்து, முதல் வரியிலிருந்து வாய்விட்டு வாசித்தார். பிறகு நம்பரை அழுத்தினார்.

என் சட்டைப் பையில் போன் அடித்தது. மகள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தாள். நான் எடுக்கவில்லை. அது முழுதாக அடித்து ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.