மூத்தவளுக்காக இரண்டு நாள் விடுப்பு

பத்தொன்பது வருட வேலையில் இஸ்திரி அக்கா எழுதிய விடுப்புக் கடிதங்கள் மொத்தம் நான்கு. முதலாவது, மகளுக்கு அம்மை போட்டபோது. இரண்டாவது, வீட்டுக்காரர் இறந்தபோது. மூன்றாவதும் நான்காவதும் மூத்தவளுக்காக. அந்தக் கடைசி இரண்டைப் பற்றித்தான் இங்கே பேச்சு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம், அக்காவுக்கு அதெல்லாம் பழகிப்போன விஷயம்.

மூத்தவள் என்பது டிவியில் ஏழு மணித் தொடரில் வரும் பெரிய வீட்டின் மூத்த மருமகள். ஒன்பது வருடமாக, ஞாயிறு தவிர எல்லா நாளும் அக்காவின் வீட்டுக்கு வந்து போகிறவள். மாமியார் திருட்டுப் பட்டம் கட்டினாள், கொழுந்தன் வீட்டை எழுதி வாங்கினான், புருஷன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். "கையெழுத்துப் போடாதடி! படிச்சுப் பாருடி பாவி!" என்று அக்கா இங்கிருந்து கத்துவாள். மூத்தவள் போட்டுவிடுவாள். அன்றைக்கு அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது.

"போன்லயே வருதேம்மா, எப்ப வேணா பார்த்துக்கலாமே" என்பாள் மகள். அவள் ஒரு அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள்.

"ஏழு மணிக்கு வர்றவளை ஏழு மணிக்குத்தான்டி பார்க்கணும். வீட்டுக்கு வர்றவங்களை வாசல்லயே நிறுத்தி வெச்சுட்டு, அப்புறம் பார்த்துக்கறேன்னு சொல்லுவியா?"

மகள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அக்காவுக்கு வேலை ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். துவைத்துப் பிழிந்த விரிப்புகள் தள்ளுவண்டியில் மலை மாதிரி வரும். சூடான இஸ்திரி உருளைக்கு முன்னால் இந்த முனையில் அக்கா, அந்த முனையில் சித்தப்பா. ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, இழுத்துச் சுருக்கம் எடுத்து, உருளைக்குள் விட வேண்டும். கொஞ்சம் கோணலாக விட்டாலும் மடிப்பு விழுந்து வெளியே வரும். ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. உட்காரவே முடியாது. அக்காவின் முழங்கால் இரண்டும் இரண்டு வருடமாக அழுதுகொண்டிருந்தன. சித்தப்பா என்பது பட்டப்பெயர்தான். விடுப்பு எடுப்பதற்காகத் தன் சித்தப்பாவை அவர் மூன்று தடவை சாகடித்திருக்கிறார். மூன்று கடிதத்துக்கும் சூப்பர்வைசர் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அந்த மாதம் இஸ்திரிப் பிரிவின் பொறுப்பாளர் ஓய்வு பெறவிருந்தார். அடுத்தது அக்காதான் என்று எல்லாருக்கும் தெரியும். பொறுப்பாளருக்கு மேசையும் நாற்காலியும் உண்டு. உட்கார்ந்தபடி மடிப்பைச் சரிபார்த்து அனுப்பினால் போதும். அந்த நாற்காலியை நினைத்துத்தான் அக்கா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்ட நேரம் பார்த்துத்தான் மூத்தவள் செத்தாள்.

தொடரில் அவள் வேலை பார்த்த தையற்கூடத்தில் தீ. எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டு இவள் உள்ளே மாட்டிக்கொண்டாள். கருகிய உடம்பில் கிடந்த வளையலை வைத்து அடையாளம் சொன்னார்கள். மாமியார் கூட அழுதாள். அக்கா அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். காலையில் எழுந்தால் கை கால் ஓடவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதினாள்: 'ஐயா, ஏழு மணித் தொடரில் ஒன்பது வருடமாக நான் பார்த்து வந்த மூத்தவள் நேற்று மாலை இறந்துவிட்டாள். வேலை செய்யும் மனநிலையில் நான் இல்லை. ஆகவே இன்று ஒரு நாள் விடுப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கொடுத்தனுப்பினாள். அந்த மனிதர் வழியெல்லாம் படித்துச் சிரித்து, பத்துப் பேருக்குக் காட்டிவிட்டுத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மறுநாள் சூப்பர்வைசர் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு யாரிடமும் ஒரு சொல் கூடுதலாகப் பேசுவதில்லை.

"என்னம்மா இது? காய்ச்சல்னு வேற ஒண்ணு எழுதிக் கொடுங்க. இதைக் கிழிச்சுப் போட்டுடறேன். பொறுப்பாளர் பேரு அடுத்த வாரம் மேல போகுது. இந்த நேரத்துல இப்படி ஒரு காகிதம் போனா நல்லாவா இருக்கும்?"

"எனக்குக் காய்ச்சல் இல்லையே சார்."

"இல்லன்னு எனக்கும் தெரியும்மா."

"அப்புறம் எதுக்குப் பொய் எழுதச் சொல்றீங்க? ஒரே சித்தப்பா மூணு தடவை செத்தாரு, மூணுக்கும் கையெழுத்துப் போட்டீங்க. நான் ஒரு தடவை உண்மையை எழுதினேன், அது உங்களுக்குக் குத்துதா?"

"அந்தப் பொண்ணு நடிகைம்மா! செத்து முடிச்சிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பா."

"நடிகை நல்லா இருக்கட்டும் சார், நூறு வயசு வாழட்டும். நான் அவளுக்கா அழுதேன்? மூத்தவளுக்குல்ல அழுதேன்!"

சூப்பர்வைசருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வீட்டுக்காரி போனப்ப மூணாம் நாளே நான் இந்த நாற்காலில வந்து உட்கார்ந்தேன். தெரியுமில்ல? நீங்க டிவில செத்தவளுக்கு லீவு கேக்கறீங்க."

"தெரியும் சார். நீங்க வந்திருக்கக் கூடாது. அது தப்பு."

யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்தக் கடிதத்தை அப்படியே கோப்பில் குத்தி மேலே அனுப்பிவிட்டார்.

பொறுப்பாளர் பதவி யாருக்குப் போனது என்கிறீர்கள்? சித்தப்பாவுக்குத்தான். மூன்று பொய்க்கு நாற்காலி, ஒரு உண்மைக்கு உருளை. எனக்கு இதை எழுதும்போதே வயிறு எரிகிறது. ஆனால் அக்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. எதிர்முனைக்கு வந்த புதுப்பெண்ணிடம், "மூலையை இறுக்கிப் பிடிம்மா, பயப்படாதே" என்று சொல்லிவிட்டு விரிப்பை இழுத்தாள்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? மகள் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ உண்மையில அப்பாவுக்காகத்தான் அழறே. உனக்கே தெரியல. எங்க ஆபீஸ்ல ஒரு டாக்டர் வந்து பேசினாரு. உள்ளே அடக்கி வெச்ச துக்கம் இப்படித்தான் வேற வழில வெளிய வருமாம்."

"அந்த டாக்டர் என்னைப் பார்த்தாராடி?" என்றாள் அக்கா. "உங்கப்பா செத்தப்ப உங்கப்பாவுக்கு அழுதாச்சு. வாய்விட்டு அழுதேன், நீயும் பக்கத்துலதான் இருந்தே. அதுல மிச்சம் ஒண்ணும் இல்ல. இது இவளுக்கு. நீ காலேஜுக்கு வேற ஊருக்குப் போயிட்டே, அவரும் போயிட்டாரு. சாயங்காலம் ஏழு மணிக்கு இந்த வீட்டுக்குள்ள யாருடி வந்தா? இவதானே வந்தா? இவளுக்கு நான் அழக் கூடாதா?"

பந்தாட்டத்தில் தன் அணி தோற்றதற்குத் தொண்டை கிழியக் கத்தி, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கிற ஆண்பிள்ளையை யாராவது டாக்டரிடம் அனுப்புகிறார்களா? அக்கா அழுதால் மட்டும் அதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஊரே கிளம்பிவிடுகிறது.

ஐந்து மாதம் போனது. மூத்தவள் இல்லாத வீட்டையும் அக்கா ஏழு மணிக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், சின்ன மருமகள் தனியாக என்ன பாடுபடுகிறாளோ என்று. ஒரு வியாழக்கிழமை, தொடர் பாதி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வீட்டு வாசல் கதவை யாரோ தட்டினார்கள். சின்னவள் திறந்தாள். வெளியே மூத்தவள் நின்றாள்.

அக்கா போட்ட சத்தத்தில் மகள் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்குக் கவலை வந்துவிட்டது. "போச்சு! நாளைக்கு வேலைக்குப் போனா உன்னைக் கிழிச்சுத் தொங்கவிடப் போறாங்க. செத்தவ பொழைச்சுட்டாளான்னு கேட்டே சாகடிச்சிருவாங்க."

"கேக்கட்டுமே. ஆமான்னு சொல்றேன்" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை காலை, வேலை தொடங்குவதற்கு முன்பே அக்கா சூப்பர்வைசர் அறைக்குப் போனாள். இந்தத் தடவை யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. வாசலில் நின்ற சித்தப்பா, "என்னக்கா, உங்க மூத்தவ எழுந்து வந்துட்டாளாமே! அன்னைக்கு எடுத்த லீவைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றார். "உன் சித்தப்பா இன்னும் எந்திரிக்கலையா தம்பி? மூணு தடவை போனவரு ஒரு தடவையாவது வரணுமே" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே நுழைந்தாள்.

கடிதத்தைச் சூப்பர்வைசர் முன்னால் வைத்தாள். 'ஐயா, இறந்துபோன மூத்தவள் நேற்று மாலை திரும்பி வந்துவிட்டாள். பதினோரு மணிக்கு மறுபடியும் காட்டுவார்கள். ஆகவே இன்று ஒரு நாள் விடுப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

அவர் இரண்டு தடவை படித்தார். "பட்டது போதாதாம்மா? கையில வந்த நாற்காலி போச்சு. இப்ப வந்துட்டான்னு வேற லீவா?"

"செத்தவ வந்திருக்கா சார். எப்படி வேலை ஓடும்?" என்ற அக்கா கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்துக் கேட்டாள். "உங்க வீட்டம்மா இன்னைக்குக் காலைல வந்து கதவைத் தட்டியிருந்தா, நீங்க இங்க வந்து உட்கார்ந்திருப்பீங்களா?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேட்டது அவருக்கும் அப்படியேதான் போய்ச் சேர்ந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வெளியே உருளை சூடேறும் இரைச்சல் கேட்டது. பேனாவை எடுத்து, ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லாமல், கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் தாளை ஓரமாக வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"எப்படி வந்தாளாம்?" என்றார்.

"யாரு சார்?"

"மூத்தவதான்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டரைதான் ஆகியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த வளையல் அவளோடது இல்ல சார். கூட வேலை செஞ்ச பொண்ணுக்குக் கழட்டிக் கொடுத்திருக்கா. இவளுக்கு அடிபட்டு, எங்கயோ ஒரு ஆஸ்பத்திரில நினைவில்லாம கிடந்திருக்கா. நினைவு வந்ததும் நடந்தே வந்துட்டா. சின்னவதான் கதவைத் திறந்தா."

"திறந்துட்டு?"

"ஒண்ணும் பேசல சார். அழக்கூட இல்ல. அப்படியே பார்த்துக்கிட்டே நின்னா. அப்புறம் 'சாப்பிட்டியாக்கா'ன்னு கேட்டா."

சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேற என்னம்மா கேக்கத் தோணும்?" என்றார்.