சாம்பல் கழுத்துக்காரி

சூரியநெல்லி சந்தனத்துக்கு மீன் வாடையே ஆகாது. பக்கத்து வீட்டில் மத்தி பொரித்தால்கூட முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார். ஆனால் எஸ்டேட்டு ஏரியில் பிடிபடும் டிரவுட்டு மீன்களில் பெரும்பாலானவை அவர் விரல்களிடம் ஏமாந்தவைதான். பொடித் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, மீன் நம்பும்படி ஒரு பூச்சியைச் செய்துவிடுவார். விருந்தாளிகள் அதை வாங்கிப்போய் ஏரியில் வீசுவார்கள். கிடைத்தால் அவர்களுடைய திறமை. கிடைக்காவிட்டால் சந்தனத்தின் பூச்சி சரியில்லை.

இந்த வேலைக்கு அவரை இழுத்துவிட்டவர் கணவர் வீரபாண்டி. ஏரிக்குக் காவல்காரர். யாரோ ஒரு விருந்தாளி விட்டுப்போன பிய்ந்த பூச்சியைக் கொண்டுவந்து, "நீதான் நர்சரியில தேயிலைக்கு ஒட்டுக் கட்டுறவளாச்சே, இதையும் சுத்திக் குடு" என்றாராம். அவரே சுற்றியிருக்கலாமே என்று கேட்டால் சந்தனம் சிரிப்பார். "அவரா? நூலச் சுத்தச் சொன்னா வெரலையும் சேத்துல்ல சுத்துவாரு!"

உடம்புக்கு மயிலிறகு. பழனி போய் வருகிறவர்கள் கொண்டுவந்து தருவார்கள். கண்ணுக்குப் பக்கத்து இழையாகப் பார்த்து எடுத்து, அதன் பஞ்சை நகத்தால் வழித்துவிட்டால் ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெளுப்புமாக மெல்லிய ஈர்க்கு மிஞ்சும். அதைச் சுற்றினால் பூச்சியின் வயிற்றில் இருப்பது போலவே வரி வரியாக விழும். தலைப்பக்கம் கோழிக்கழுத்து இறகை இரண்டே சுற்று. சேவல் இறகு விறைத்து நிற்கும். பெட்டையின் இறகுதான் தண்ணீரில் மூச்சு விடுவது போல அசையும். அழகுக்குப் பேர் வாங்கியது சேவல். ஏரியில் மதிப்பு பெட்டைக்கு.

அந்தப் பெட்டையின் நிறத்துக்காக வீரபாண்டி பட்ட பாடு தனி. சாயங்காலம் ஏரியிலிருந்து எழும்பும் பூச்சிக்குச் சாம்பல் இறக்கை, ஓரத்தில் லேசாகத் தேன் நிறம். அதே நிறத்தில் கழுத்துள்ள கோழியைத் தேடி அலைந்து, கடைசியில் ஆனைக்கரையில் ஒரு ஏலக்காய்க்காரர் வீட்டில் கண்டுபிடித்தார். ஜீப்பில் வரும்போது குளிருமென்று அதை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்குத்தான் சளி பிடித்தது. அதன் வம்சம்தான் பிறகு வீட்டில் வளர்ந்தது. குஞ்சு பொரிக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் கூடைக்கு முன்னால் குந்தியிருந்து, எது சாம்பல், எது வெறும் அழுக்கு என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். சந்தனம் இன்றும் அதிகம் பேசுவது அந்தச் சண்டைகளைப் பற்றித்தான்.

வீரபாண்டி இப்போது இல்லை. போன மழையில் வந்த கோழிச்சீக்கு எஸ்டேட்டுத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எல்லாக் கோழிகளையும் வாரிக்கொண்டு போனது. தப்பியது ஒன்றே ஒன்று, சாம்பல் கழுத்துக்காரி.

அந்த நேரம் பார்த்துத் தலைதீபாவளி வந்தது. மகள் ஆர்த்தி கோயமுத்தூரில் நர்ஸ். அவளைக் கட்டியவர் பெருமாட்டியில் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பையன் சந்துரு. லைன் வீட்டுப் பெண்ணா என்று முதலில் முகம் சுளித்த வீடு. அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளைக்கு வீட்டில் வளர்த்த கோழியை அடித்துப் போடாவிட்டால் பேச்சு மகள் மேல்தான் விழும்.

"பிராய்லரப் போட்டு அனுப்புனா மாப்ளய வாசல்ல நிக்கவச்சு அனுப்புன மாதிரி" என்றார் பக்கத்து வீட்டு மூக்கம்மாள். "கோழியா முக்கியம், மகளா?"

மகள்தான். சந்தனம் தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் கோழியை மடியில் போட்டுக்கொண்டார். அடித்தபின் வெந்நீரில் முக்கினால் இறகு துவண்டு பூச்சி கட்ட ஆகாமல் போகும். ஆகையால் உயிரோடு இருக்கும்போதே கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கோழி கத்தியது. பாதிக்கு மேல் கை ஓடவில்லை, விட்டுவிட்டார்.

மறுநாள் காலை எண்ணெய்க் குளியல் முடித்துக் கொல்லைப்பக்கம் வந்த சந்துரு கோழிக்கூட்டின் முன் நின்றுவிட்டார்.

"ஏனுங்க அத்தெ, இதென்னங்க கழுத்தெல்லாம் மொட்டையாக் கெடக்குது?"

"அது அப்படித்தான் மாப்ள."

"அப்படித்தான்னு உட்றக்கூடாதுங்க. இது சீக்குங்க. எங்கூட்லயும் இப்புடித்தான் ஆரம்பிச்சுது. இதெ அடிச்சுப்போடாதீங்க, ஆருக்கும் ஆகாது."

அரிவாள்மனையோடு வந்த மூக்கம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். சந்தனத்துக்கோ வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். கோழியும் பிழைக்கும், மரியாதையும் கெடாது. இரண்டும் சேர்ந்து கிடைத்தது அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. நீடிக்கவில்லை.

"மம்மட்டி எங்கீங்க? தூரமாக் கொண்டுபோய்ப் பொதச்சுர்றேன். உட்டா ஊரெல்லாம் பரவிருமுங்க."

சந்தனம் கோழியை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இதுக்குச் சீக்கு இல்ல மாப்ள. நாந்தேன் பிச்சேன்."

"நீங்களா? எதுக்குங்க?"

சந்தனம் கோழியோடு உள்ளே போய், கட்டிய பூச்சிகளைப் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். பூச்சிகளைப் பார்த்த சந்துரு மனைவியைப் பார்த்தார். "உங்கம்மா எம்பிராய்டரி போடுவாங்கன்னு தானே சொன்னெ?"

"நூல்தானே?" என்றாள் ஆர்த்தி. "பொய்யா சொன்னேன்?"

மூக்கம்மாளுக்கு வேறு கவலை. "அப்ப கோழி நல்ல கோழிதானா?" என்று அரிவாள்மனையைக் கீழே போட்டு உட்காரப் பார்த்தார்.

"நல்ல கோழிதேன். ஆனா அடிக்க மாட்டேன்" என்றார் சந்தனம். "மாப்ள, நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி. இந்த நெறம் உங்க மாமா தேடித்தேடிக் கொண்டாந்தது. இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

சந்துரு ஒரு பூச்சியை உள்ளங்கையில் வைத்து மெல்ல ஊதினார். இறகிழைகள் விரிந்து மடங்கின. அவர் எதைப் புகழப்போகிறார் என்று எல்லோரும் காத்திருக்க, மாப்பிள்ளை கேட்டது வேறு.

"சேவல் இருக்குதுங்களா?"

"அது மழையோட போச்சு."

"பின்னெ குஞ்சுக்கு என்னங்க பண்ணுவீங்க?"

இருக்கிற ஒன்றைக் காப்பாற்றுவதிலேயே இருந்த சந்தனத்துக்கு அடுத்ததை நினைக்கத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் கடைக் கோழிதான். மூக்கம்மாள் வெட்கத்தோடு பரிமாற, மாப்பிள்ளை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். "இதாங்க நல்லாருக்குது. பல்லுல மாட்டறதில்லெ."

பொங்கல் கழிந்து சந்துரு மறுபடி வந்தார். பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று பஸ் பஸ்ஸாக மாறி, ஒயர்கூடையில் சாம்பல் கழுத்துள்ள ஒரு சேவலோடு. அது மறையூர் தாண்டியதும் கூவ ஆரம்பித்து, டிரைவர் இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டினாராம்.

"மாமியா வீட்டுக்கு மாப்ள கோழி கொண்டாரத இப்பத்தேன் பாக்கேன்!" என்று மூக்கம்மாள் லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

சந்தனம் சேவலை வெளிச்சத்துக்குத் திருப்பி, கழுத்து இறகுகளை எதிர்ப்புறமாகத் தடவி அடிநிறம் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கறுப்பு கொஞ்சம் தூக்கல். அவரு இருந்திருந்தா இது வேண்டாம்னு சண்டைக்கு வந்திருப்பாரு" என்றார்.

பிறகு கூட்டைத் திறந்து அதை உள்ளே விட்டார்.