ஏறிக்கொண்டே போன சிவப்புக் கோடு

அந்தக் கார் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோட்டுக்காரர்தான். எந்த நாடு எந்த வருடம் எத்தனை கார் செய்தது என்று வண்ண வண்ணமாய்க் கோடு இழுத்து, சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டுவது அவர் வேலை. முதலில் கார் செய்யத் தொடங்கிய நாடுகளின் கோடுகள் ஏறி, களைத்து, சரிந்து கிடக்கும். பிந்தி வந்தவர்களுடையது விறுவிறுவென்று ஏறும். தங்கள் நாட்டுச் சிவப்புக் கோட்டைப் பார்த்து, தட்டும் கையுமாய் நிற்கிறவர்கள் பூரித்துப் போவார்கள்.

அவர் மட்டும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். கார்களோடு தொழிற்சாலை ஆட்களின் எண்ணிக்கையையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். எந்த நாட்டை எடுத்தாலும் ஒரே கதை. கார்கள் கூடிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் குறைய ஆரம்பிப்பார்கள். இயந்திரம் வந்து ஆளை வெளியேற்றும், முதலில் வெல்டிங் பிரிவில், அடுத்தது பெயின்டில். அந்த ஆள் கணக்கையும் சுவரில் ஒட்டலாமா என்று மேலாளரிடம் கேட்டார்.

"சாப்பிடுற இடத்துல எதுக்குய்யா சாவு சேதி?" என்று மேலாளர் சிரித்தார். இவரும் கூடச் சிரித்துத் தொலைத்தார்.

பெயின்ட் பிரிவில்தான் அவர் மைத்துனன் இருந்தான். சேர்த்துவிட்டதே இவர்தான். அவனுக்கு பஸ் பணிமனையில் வேலை கிடைத்தது. சம்பளம் கம்மி, ஆனால் நிரந்தரம். யோசனை கேட்க வீட்டுக்கு வந்தான்.

"போகவா, இருக்கவா மாமா? நாடு நாடா அலசுறவரு, நீங்க சொன்னா சரி."

பதில் தொண்டை வரை வந்தது. ஆனால் மைத்துனனுக்கு ஓட்டை வாய். இன்று சொன்னால் நாளை தொழிற்சாலை முழுக்கப் பரவும், தன் வேலைக்கே உலை வைக்கும். சொந்தச் சோற்றைக் காப்பாற்றிக்கொள்ள மனிதன் எவ்வளவு சுலபமாக வாயைக் கட்டிக்கொள்கிறான்!

"சுவத்துல பாக்கலையா மாப்ளே? ஏறிக்கிட்டுதானே இருக்கு" என்றார்.

பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. மைத்துனன் பணிமனை வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டான்.

அடுத்த வருடம் பெயின்ட் பிரிவில் இயந்திரக் கைகள் வந்து இறங்கின. அவனையும் அவன் ஷிப்டையும் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். பணிமனைக்கு ஓடினான். அங்கே வேறு ஆள் சேர்ந்து வெகு நாளாகியிருந்தது.

நேரே அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். கோட்டுக்காரர் திட்டுக்குக் காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"உங்களுக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல மாமா?"

"தெரிஞ்சா உன்கிட்ட சொல்லாம இருப்பாராடா?" என்றாள் அவர் மனைவி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கேளுடா, அவரையே கேளு."

இருவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தனக்குத் தெரியாதென்று அவர் தலையாட்டினார்.