முதலாளி வாசலில் கொட்டிய மண்

ஜுனைதீன் நானா மௌத்தாகிவிட்டார் என்று உக்குவளையிலிருந்து வந்த பஸ் கண்டக்டர்தான் சொன்னார். அடக்கம் முடிந்தபின்தான் மரண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே பலரும் அவரைச் சாதுவான மனிதர் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவரோடு பழகிய எனக்குத் தெரியும், அவர் சாது இல்லை.

மண் பாதுகாப்பு உத்தியோகத்தராக அவர் எங்கள் ஊரான பலாபத்வலைக்கு வந்தபோது நான் கணவனை இழந்து, பிள்ளைகளோடு ஒரு துண்டுக் காணியின் மிளகை நம்பியிருந்தேன். என் காணிக்கு மேலே ஊர் முதலாளியின் புகையிலைத் தோட்டம். சரிவில் மேலிருந்து கீழாகவே பாத்தி போட்டிருந்தார். மழை பெய்தால் அந்த மண் என் கிணற்றில் வந்து விழும். கீழ்வீடுகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறுதான் குடிதண்ணீர்.

மேல்காணியில் குறுக்கே ஒரு கான், வடிகால் மாதிரி, வெட்டினால் வெள்ளம் திரும்பிவிடும் என்றார் நானா. கூலியில் ஒரு பங்கை அரசாங்கம் தரும், ஆனால் காணிக்காரர் சம்மதிக்க வேண்டும். கான் போகும் இடத்தில் இன்னும் நாலு கன்று வைக்கலாம் என்று முதலாளி மறுத்துவிட்டார். நானா நடையாய் நடந்தார். ஒவ்வொரு முறையும் தேநீர்தான் கிடைத்தது. "தேத்தண்ணி நல்லாத்தான் ஈக்கிது தங்கச்சி. அவர்ட கிணத்துல சேறு இல்லையே" என்றார் என்னிடம்.

ஐப்பசி மழையில் கிணறு தூர்ந்தே போனது. சேற்றை வாரிக் குவித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நின்றோம். நானா வந்து பார்த்தார். இதை எங்கே கொட்டப்போகிறீர்கள் என்று கேட்டார். ஓடையில் என்றேன். அடுத்தவர் பொருளை ஓடையில் வீசக்கூடாது என்று சொல்லி, முதல் கூடையைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். கீழ்வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடையோடு அவர் பின்னால் மேலே ஏறினோம். முதலாளியின் வாசலில் கொட்டினோம். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். நானா குரலை உயர்த்தவே இல்லை.

"ஒங்கட மண்தான் முதலாளி. எங்கட பக்கம் வந்து கெடந்திச்சி. இனி மழைக்கு மழை கொண்டுவந்து தாறோம்."

ஊர் சிரித்த சிரிப்பில் முதலாளி சம்மதித்தார். சும்மா விடவும் இல்லை, மேலிடத்தில் சொல்லி நானாவை நாவுலவுக்கு மாற்றவைத்தார். மண்ணைக் காப்பாற்றத்தானே சம்பளம், அதை உரியவரிடம் சேர்த்தேன் என்று விசாரணையில் நானா பதில் சொன்னாராம். மாற்றலுக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து, கானை வெட்டி முடிக்கும்வரை எங்களோடு நின்றார். அன்றிலிருந்து என் கிணறு தெளிந்த கிணறு.

நேற்று மேலே போய்ப் பார்த்தேன். முதலாளியின் மகன் கானின் தலைப்பை மண் போட்டு மூடியிருக்கிறார். நானா போய்விட்டார், இனிக் கேட்க ஆள் இல்லை என்று நினைத்திருப்பார். நானா என்னிடம் விட்டுப்போனது அவர் தோளில் ஏற்றிய அந்தக் கூடைதான். அடி பிய்ந்திருந்தது, முடைந்து வைத்திருக்கிறேன். கீழ்வீட்டுப் பெண்களிடமும் சொல்லிவிட்டேன். மகனுக்கு ஆள் அனுப்பி ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லச் சொன்னேன்:

"கூடை எங்க வீட்டுலதாங்க இருக்கு."