வெறுங்கை விதி

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதருக்கு மாமியார் வீடு வைத்த பெயர் பளபளா. குழாயோ கரண்டியோ தாழ்ப்பாளோ, கையில் சிக்கியதைத் தேய்க்காமல் விடமாட்டார். உயிர் மட்டும் பழைய சவரக் கத்திகள் மேல். துருவேறிய மடக்குக் கத்திகளைப் பழைய சாமான் கடைகளில் பொறுக்கி வருவார். கார் கொட்டகையில் மோட்டார் சக்கரத்தில் மெருகேற்றி, கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுப்பார். அதைப் பற்றிப் பீற்றிக்கொள்வதும் வேலையில் பாதி.

சக்கரத்தில் பிடிக்கும்போது வெறுங்கைதான் என்பது அவருடைய விதி. விரல் சுட்டால் கத்தியை உடனே தண்ணீரில் முக்க வேண்டும். விரல் தாங்காத சூட்டை அலகும் தாங்காது. நீலம் பாய்ந்து பதம் போய்விடும், பிறகு கூர் நிற்காது. இந்தப் பாடத்தைக் கேட்டுக் காது புளிக்காத சொந்தக்காரர் இல்லை.

மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து தாடியோடு திரும்பினார். கை நடுங்கியது. வாழ்நாளெல்லாம் தினமும் முகம் மழித்தவர், அலமாரிக் கண்ணாடியைத் துணி போட்டு மூடச் சொன்னார். அவருடைய பழைய கத்தியைத் தேடியெடுத்து மச்சான் பளபளாவிடம் கொண்டுவந்தார். அதில்தான் மழித்துக்கொள்வேன் என்று பெரியவர் பிடிவாதமாம்.

பளபளாவுக்குத் தலைகால் புரியவில்லை. மச்சான் செல்போனில் படமெடுக்கத் தொடங்கியதும், எடுப்பாக இருக்கட்டுமென்று தடித்த கையுறையை மாட்டிக்கொண்டார். கேமராவைப் பார்த்து விளக்கம் வேறு. சூடு விரலுக்கு எட்டவே இல்லை. குனிந்து பார்த்தபோது அலகு நீலமாகியிருந்தது. கலர் சூப்பர் என்றார் மச்சான். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இவர் சிரித்து வைத்தார்.

மச்சான் போனதும் நீலத்தைத் தேய்த்தே அழித்தார். தீட்டி, முன்கை முடியில் வைத்துப் பார்த்தார். வழித்தது. பதம் போன அலகும் முதலில் கொஞ்சம் வழிக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியாத மாதிரி இருந்துகொண்டார்.

மாப்பிள்ளை கையாலேயே ஆகட்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார். வீடே சுற்றி நின்றது. ஒரு கன்னம் வழுக்கிக்கொண்டு போனது. மறு கன்னத்தின் பாதியில் கத்தி முடியைப் பிடித்து இழுத்தது. தோல்வாரில் இழுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் இழுத்தது. பெரியவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உன் மேல தப்பில்ல மாப்ளே. தோலுதான் செத்துப்போச்சு. விடு, இனிமே தாடியே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, துண்டால் நுரையைத் துடைக்கப் போனார். அப்பாவுக்கு இப்போதெல்லாம் எதுவுமே ஒத்துக்கொள்வதில்லை என்று மச்சான் முணுமுணுத்தார். பளபளா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி மொத்தமும் கிழட்டுத் தோலோடு போய்விடும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தோலு நல்லாத்தான் இருக்கு மாமா. கத்தியத்தான் நான் சூடேத்திக் கெடுத்துட்டேன். கெட்டத மறைச்சு மெருகு போட்டுக் கொண்டாந்தேன்."

மச்சான் முகம் சுண்டிப்போனது. மனைவி தரையைப் பார்த்தாள். பளபளா கத்தியை மடக்கிப் பிடித்தபடி திட்டுக்காகக் காத்து நின்றார். திட்டியிருந்தால் தேவலை. மாமனாரோ வழித்த கன்னத்தை நடுங்கும் விரலால் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப என் தோலுக்கு ஒண்ணுமில்லியா மாப்ளே?"

ஒன்றுமில்லை என்று பளபளா தலையாட்டினார். பெரியவர் அலமாரிக் கண்ணாடியை மூடிய துணியை எடுக்கச் சொன்னார். மிச்சக் கன்னத்தை, மச்சான் கடைக்குப் போய் வாங்கிவந்த பிளாஸ்டிக் ரேசரால் பளபளாவே மழித்து முடித்தார்.