இளவரசியின் கை நடுக்கம்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இளவரசி நடத்தும் பியூட்டி பார்லருக்கு, புருவம் திருத்திக்கொள்ள முன்பெல்லாம் செஞ்சியிலிருந்துகூடப் பெண்கள் வருவார்கள். அவள் நூல் போட்டால் வலியே தெரியாது என்று பேர். கிட்னி இரண்டும் கெட்டு, மாமியார் ராஜாமணி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்த பிறகு அந்தப் பேர் போயிற்று. அடுத்தவர் உறுப்பை உடம்பு எதிர்க்காமலிருக்க, காலையும் இரவும் மாத்திரை போட்டாக வேண்டும். போட்ட கொஞ்ச நேரத்தில் விரல்கள் நடுங்கும்.

ஒருமுறை ஒரு கல்லூரிப் பெண்ணின் இடது புருவம் பாதியில் அறுந்து நின்றது. அவள் அம்மா கடைக்கு வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

அதன்பின் முகூர்த்த நாட்களில் இளவரசி காலை மாத்திரையை விட்டுவிட்டாள். கை ஓரளவு நின்றது. மணப்பெண்கள் திருப்தியாகப் போனார்கள். ஆவணி முழுக்க இப்படியே ஓடியது. அடுத்த ரத்தப் பரிசோதனையில், கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் கூடும் கிரியாட்டினின் ஏறியிருந்தது.

விழுப்புரத்தில் டாக்டர் கோதண்டபாணி ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாத்திரையை விட்டீங்களா?"

"பின்ன இன்னா சார் பண்றது? போட்டா கை ஆடுது, போடலன்னா கிட்னி போவுது. மாத்திரையே இல்லாம சில பேரு இருக்காங்கன்னு வீட்டுக்காரரு போன்ல காட்டினாரே?"

"இருக்காங்கம்மா. கிட்னி கொடுத்தவங்க எலும்பு மஜ்ஜையில இருந்து செல் எடுத்து ஏத்துவாங்க. அந்தக் கிட்னியைத் தன்னோடதுன்னு உடம்பு பழகிக்கும். ஆனா இன்னும் ஆராய்ச்சியாத்தான் நடக்குது. எல்லாருக்கும் பலிக்கல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜாமணி குறுக்கிட்டாள். "என் எலும்புல இருந்துதானே எடுக்கணும்? எடுத்துக்கோங்க சார். இன்னிக்கே படுத்துக்கிறேன்."

"அப்படி இல்லம்மா. பெரும்பாலும் ஆபரேஷனோட சேர்த்துப் பண்றது அது. உங்க ரெண்டு பேருக்கும் பொருத்தமும் கம்மி. உடம்பு எதிர்க்கிற இந்த நேரத்துல அதை நெனைக்கவே கூடாது."

அன்றே அட்மிட் செய்து ஸ்டீராய்டு ஏற்றினார்கள். இளவரசிக்கு முகம் வீங்கிப் போயிற்று. கிட்னி தப்பியது, ஆனால் கிரியாட்டினின் பழைய அளவுக்கு இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். நடுக்கமும் கூடியது.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ராஜாமணி கேட்டாள்: "மாத்திரை போடலன்னு எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா திட்டுவீங்க அத்தை."

"திட்டத்தான் செய்வேன்." ராஜாமணி அவள் பக்கம் திரும்பினாள். "இத்தினி வருஷமா உனக்குள்ளதானே இருக்குது? இன்னமும் இன்னாத்துக்கு அதை வேத்தாளா பார்க்குது உன் உடம்பு?"

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றாள் இளவரசி எரிச்சலோடு.

தை பிறந்ததும் ஒரு கல்யாணப் பெண் வந்தாள். "ஃபேஷியல் நான் பண்றேன். புருவத்துக்கு மட்டும் எதிர்க் கடைக்குப் போயிட்டு வந்துடும்மா" என்றாள் இளவரசி. அந்தப் பெண் எதிர்க் கடையிலேயே இரண்டையும் செய்துகொண்டு போய்விட்டாள்.

இளவரசி டாக்டருக்கு போன் செய்தாள். "கை ஆடாத மாத்திரை எதுனா இருக்குதா சார்?"

"மாத்திப் பார்க்கலாம்மா. கிட்னி மொதல்ல ஒரு நிலைக்கு வரட்டும்."

"எப்ப சார் வரும்?"

"பார்க்கணும்மா."