இங்கதானே?

இது நிஜமாக நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். என்னை நம்பாதவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

ஆறு வருடமாக மூத்திரப்பை வலி. கரும்பலகையில் பாதி எழுதும்போதே கழிப்பறைக்கு ஓடுவேன். பிள்ளைகள் எனக்கு 'எக்ஸ்பிரஸ் டீச்சர்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். போனால் நாலு சொட்டு, உயிர் போகிற எரிச்சல். பெரிய டாக்டர் ஸ்கேனை மட்டும் பார்த்தார். என் மேல் ஒரு விரல்கூட வைக்கவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் மனசுதான்."

வீட்டுக்காரரும் அதே பாட்டைப் பாடினார். வலியைவிட அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

கடைசியில் ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் போனேன். இடுப்பிலும் அடிவயிற்றிலும் இறுகிக் கிடக்கும் தசைகளைக் கையால் அழுத்தித் தளர்த்துவாள். கையை வெந்நீரில் நனைத்துச் சூடாக்கிக்கொண்டு, "தொடட்டுமா அக்கா?" என்று கேட்காமல் தொடவே மாட்டாள். ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

அன்று பட்டப்பகல், 11.40. குப்புறப் படுத்திருந்தேன். கட்டிலில் முகம் பதிக்க ஓர் ஓட்டை உண்டு. அதன் வழியே தரையும் அவளுடைய நீலச் செருப்பும் தெரியும். வெந்நீர் எடுக்க வெளியே போனாள். டப்... கதவு மூடிக்கொண்டது.

கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் இடுப்பில் கை. ஜில்லென்று இருந்தது. கேட்கவும் இல்லை. ஏதோ அவசரம் போல என்று விட்டுவிட்டேன்.

விரல் நகர்ந்தது... வால் எலும்புக்கு இடப்பக்கம், வலி கிளம்புகிற இடத்திலேயே போய் நின்றது.

"இங்கதானே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஒரு கேள்விக்காகத்தானே ஆறு வருடம் அலைந்தேன்! "ஆமா..."

"ஒண்ணும் இல்லைன்னு சொன்னது யாரு?"

ஆத்திரத்தில் டாக்டர் பெயரைச் சொன்னேன்.

கை நின்றது.

கண்ணைத் திறந்தேன். தரை தெரிந்தது...

செருப்பு இல்லை.

கால் இல்லை.

டப். கதவு திறந்தது. நீலச் செருப்பு உள்ளே வந்தது.

"தண்ணி சூடாக லேட்டாயிடுச்சு. தொடட்டுமா அக்கா?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு முன்னாடி இங்க வேலை பார்த்த அக்காவுக்கும் இதே வலி. அதே டாக்டர், அதே பதில். போன வருஷம் செத்துட்டாங்க. இந்த ரூம்லதான்."

வீட்டில் சொன்னேன். "பிரமை" என்றார் வீட்டுக்காரர். வேறென்ன சொல்லப் போகிறார்! அன்றிலிருந்து அந்த இடத்தைத்தான் பிசியோ அழுத்துகிறாள். இப்போது முழு வகுப்பும் நின்று பாடம் நடத்துகிறேன். அதுவும் பிரமையா?

போன வாரம் பெரிய டாக்டர் தன் ஆஸ்பத்திரியிலேயே நோயாளியாகப் படுத்துவிட்டார். அங்கே இருக்கும் நர்ஸ் பிசியோவிடம் சொன்னாளாம். தாங்க முடியாத அடிவயிற்று வலி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மனசுதான் காரணம் என்று சொல்லிவிட்டார்கள். அவரோ ஜில்லென்று ஒரு விரல் அழுத்துகிறது என்று கத்துகிறாராம்.

அழுத்துகிற ஒவ்வொரு முறையும் ஒரு பெண் குரல் காதருகே கேட்கிறதாம்.

"இங்கதானே?"